மான் வேட்டைக்குச் சிறுவனுக்கு .243-ஆ, .308-ஆ?

கேள்வி: அமெரிக்காவில் வெண்வால் மான் வேட்டைக்கு 12 வயது அக்கா மகனைப் பழக்க வேண்டும். கையில் .308 வின்செஸ்டர் துப்பாக்கி இருக்கிறது (எண் குண்டின் விட்டம், அங்குலத்தில்). அதுவே போதுமா, .243 வாங்கவா? தூரம் 150 கெஜத்துக்குள்தான்.

பதில் 1: .243 வாங்குங்கள். .308-இன் கூட்டை (வெடிமருந்து அடைத்த பித்தளை உறையை) கழுத்தில் ஒடுக்கி 1955-இல் வந்த தோட்டா அது. சுடும்போது தோளில் விழும் உதை .308-இல் பாதியைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவே. உதைக்குப் பயந்த பையன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடுவான். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது பெரும்பாடு. குண்டு 95 அல்லது 100 கிரெய்ன் (குண்டின் எடை அளவு; ஒரு கிராம் சுமார் 15 கிரெய்ன்), மானுக்கென்று செய்தது. 55 கிரெய்ன் வேண்டவே வேண்டாம்: தோளெலும்பில் பட்டதும் சிதறும், மான் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும்.

பதில் 2: அதைவிட முக்கியம் துப்பாக்கியின் தோளில் பதியும் கட்டையின் நீளம். விசையிலிருந்து கட்டை முடிவு வரை பெரியவர்களுக்குச் சுமார் 13.5 அங்குலம், இவனுக்கு 12 முதல் 12.5. நீளம் கூடினால் கழுத்தை முன்னே நீட்டுவான், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) உதையில் வந்து புருவத்தைக் கிழிக்கும். முதல் சில மாதம் உதை மிகக் குறைந்த .22 துப்பாக்கியில் மட்டும் சுடட்டும். காதடைப்பானும் மேலே காதுறையும், இரண்டுமே அவசியம்.

பதில் 3: இருக்கிற .308-க்கே 125 கிரெய்ன் குறை உதைத் தோட்டா கிடைக்கும். குண்டு படும் இடம் மாறும், 100 கெஜத்தில் ஸ்கோப்பை மறுபடி சரிசெய்யுங்கள். இரண்டும் வைத்திருந்தால் பெட்டிகளைக் கலக்காதீர்கள், .243 தோட்டா .308 துப்பாக்கியின் தோட்டா அறைக்குள் நுழைந்துவிடும், சுட்டால் ஆபத்து. கலிஃபோர்னியா என்றால் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாது, செம்பு போன்ற ஈயமில்லாத குண்டுதான்.