பேஷன்ட் லிஃப்ட்: தமிழில் என்ன சொல்வது?

வணக்கம்.

பராமரிப்பாளர்களுக்கான பயிற்சிக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரு கருவிக்குப் பெயர் கிடைக்காமல் வேலை நிற்கிறது. தானாக எழ முடியாத ஒருவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கும், அங்கிருந்து கழிப்பறை இருக்கைக்கும் மாற்ற உதவும் கருவி அது. கீழே சக்கரம் வைத்த இரண்டு கால், அதன்மேல் ஒரு கம்பம், கம்பத்திலிருந்து நீளும் கை, கையின் முனையில் கொக்கிகளோடு ஒரு குறுக்குச் சட்டம், அதில் மாட்டும் துணி. துணியில் ஆளை உட்காரவைத்து, பம்பை அடித்தாலோ பொத்தானை அழுத்தினாலோ மேலே எழும்பும்.

அமெரிக்காவில் பேஷன்ட் லிஃப்ட் என்கிறார்கள். ஹோயர் என்பவரின் பெயரால் ஹோயர் லிஃப்ட் என்றும் சொல்வதுண்டு. பிரிட்டனில் ஹாய்ஸ்ட். நாமும் பேஷன்ட் லிஃப்ட் என்றே எழுதலாம் என்றால், மருத்துவமனையில் அந்தப் பெயர்ப்பலகை ஸ்ட்ரெச்சர் ஏற்றும் மின்தூக்கிக்கு மேலே தொங்குகிறது. "பேஷன்ட் லிஃப்டைக் கட்டிலுக்கு அருகே தள்ளி வரவும்" என்று எழுதினால் படிப்பவர் திகைப்பார்.

என் பட்டியலில் இருப்பவை: நோயாளி தூக்கி, ஆள்தூக்கி, உடல்தூக்கி, பாரந்தூக்கி. எது தேறும்?

———

> ஆள்தூக்கி, உடல்தூக்கி, பாரந்தூக்கி

"ஆளைத் தூக்கிட்டாங்க" என்றால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். ஆள்தூக்கி என்று பெயர் வைத்தால் கடத்தல்காரருக்கான கருவி ஆகிவிடும். உடல்தூக்கி பிணவறையை நினைவுபடுத்துகிறது. பாரந்தூக்கி என்றால் கிரேன். அம்மாவைக் கிரேனில் ஏற்றுகிறோம் என்று எந்தப் பிள்ளை சொல்வான்? மிச்சம் இருப்பது நோயாளி தூக்கி. அதையே வைத்துக்கொண்டு வேலையைப் பாருங்கள்.

———

> மிச்சம் இருப்பது நோயாளி தூக்கி

அதையும் கழித்துவிடுங்கள் என்பேன். நான் பிசியோதெரபி துறையில் இருக்கிறேன்; இந்தக் கருவியைப் பழக்கிக் கொடுப்பதும் என் வேலையில் சேர்ந்தது. முதுகுத்தண்டில் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே தினமும் வேலைக்குப் போய்வருகிறவர் நோயாளி இல்லை. ஆனால் காலையில் கட்டிலை விட்டு வர அவருக்கும் இந்தக் கருவி வேண்டும். இக்கருவிகளுக்கான பன்னாட்டுத் தர ஆவணம் ஐஎஸ்ஓ 10535. அதன் 2006 பதிப்பின் தலைப்பில் மாற்றுத்திறனாளிகளை இடம் மாற்றும் கருவி என்ற பொருள் இருந்தது. 2021 பதிப்பில் வெறுமனே ஆட்களை இடம் மாற்றும் கருவி என்று ஆகிவிட்டது. நோயாளி இரண்டு தலைப்பிலுமே இல்லை.

'தூக்கி' மேலும் எனக்குத் தயக்கம் உண்டு. முதல் தடவை அந்தரத்தில் தொங்கப்போகிறவர் ஏற்கெனவே பயந்துபோய் இருப்பார். அவரிடம் போய் 'தூக்குத்துணி', 'தூக்குப்பட்டை' என்றெல்லாம் பேச எனக்கு நாக்கு எழாது.

இதெல்லாம் ரசனை சார்ந்தது, விட்டுவிடலாம். விட முடியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. நீங்கள் ஒரு கருவிக்குப் பெயர் கேட்கிறீர்கள். அந்த ஆங்கிலப் பெயருக்குள் இரண்டு கருவிகள் ஒளிந்திருக்கின்றன. ஒன்றின் வேலைக்கு மற்றதைப் பயன்படுத்த முடியாது.

முதலாவது நீங்கள் விவரித்தது. முழு எடையும் துணியில் இருக்கும், பாதம் தரையில் படாது, உட்கார்ந்திருப்பவர் எதுவும் செய்ய வேண்டாம். இரண்டாவதில் உடம்பைச் சுற்றித் துணி கிடையாது. முதுகைச் சுற்றி அக்குளுக்குக் கீழே ஒரு பட்டை போகும். பாதங்கள் கருவியின் மிதிபலகையில் இருக்கும், முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் ஒரு மெத்தைத் தடுப்பு. கருவி இழுக்க இழுக்க அவர் தன் காலை ஊன்றி எழுந்து நிற்பார். உதவிக் கருவிகளை வகைபிரிக்கும் ஐஎஸ்ஓ 9999 ஆவணத்தில் ஆட்களைத் தூக்கும் சாதனங்கள் 12 36 என்ற எண்ணில் வருகின்றன. அதிலும் உட்காரவைத்து மாற்றுவதற்கு ஓர் உட்பிரிவு, நிற்கவைத்து மாற்றுவதற்குத் தனி உட்பிரிவு.

நிற்கவைக்கும் கருவிக்கு ஆள் கட்டில் ஓரத்தில் சாயாமல் உட்கார வேண்டும். ஒரு காலாவது எடை தாங்க வேண்டும். ஒரு கையாவது பிடிக்க வேண்டும். சொல்வதைப் புரிந்துகொண்டு செய்யவும் வேண்டும். இதில் ஒன்று இல்லை என்றாலும் அந்தக் கருவி அவருக்கு ஆகாது. காலில் பலமில்லாதவரை அதில் நிறுத்தப் பார்த்தால் பாதியிலேயே முழங்கால் மடங்கும். உடம்பு கீழே சரியும், பட்டை அக்குளுக்கு ஏறும், மொத்த எடையும் தோளில் தொங்கும். பக்கவாதத்தில் தளர்ந்துபோன தோள் என்றால் கேட்கவே வேண்டாம். இதற்கு நேர்மாறான தவறும் நடக்கிறது. காலூன்றத் திராணி உள்ளவரை எப்போதும் துணியிலேயே தூக்கி மாற்றினால், மிச்சமிருக்கும் பலமும் பயன்படாமல் போய்விடும்.

ஆகவே இரண்டு பெயர் வேண்டும். யாருக்கு எது என்பதும் பெயரிலேயே தெரிய வேண்டும். என் முன்மொழிவு:

முழுக்கத் துணியில் மாற்றுவது ஆளேந்தி. ஏந்துதல் என்றால் கீழிருந்து தாங்கிப் பிடிப்பது. குழந்தையையும் ஏந்துகிறோம், அடிபட்டவரையும் ஏந்துகிறோம். நிற்கவைப்பது கைத்தாங்கல் கருவி. "கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள்" என்பதற்கு அகராதி தேட வேண்டாம்: பாதி பலம் அவருடையது, மீதி பிடிப்பவருடையது. "இவரைக் கைத்தாங்கலாக நிறுத்த முடியுமா, ஏந்தித்தான் ஆக வேண்டுமா?" என்று ஒரு குடும்பம் தன்னையே கேட்டுக்கொண்டால் தேர்வில் பாதி முடிந்தது. மீதிப் பாதிக்கு நேரில் பார்த்து மதிப்பிடும் ஆள் வேண்டும். காலையில் நிற்கிறவர் மாலையில் களைத்து நிற்க முடியாமல் போவதும் உண்டு. அப்படிப்பட்டவருக்கு ஆளேந்திதான் பாதுகாப்பு.

———

> ஆளேந்தி, கைத்தாங்கல் கருவி

கையேந்தி நினைவு வருகிறதே என்று முதலில் நினைத்தேன். 'ஆள்' முன்னால் வந்ததும் அந்த வாடை போய்விட்டது. எழுப்பி என்று ஒன்றை யோசித்து வைத்திருந்தேன். அது அலாரம் கடிகாரத்துக்குத்தான் பொருந்தும். இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன், நன்றி.

அடுத்த தொல்லை உறுப்புகளின் பெயர். மூல நூலில் கீழ்ப்பகுதியை லெக்ஸ் என்கிறார்கள். நான் எழுதியிருந்த வரி: "தூக்குவதற்கு முன் கால்களை நன்றாக விரிக்கவும்." யாருடைய கால்? துணியில் உட்கார்ந்திருப்பவர் தன் காலை விரித்துக்கொண்டு காத்திருப்பார். கருவியின் கால் விரியாமலே ஆளைத் தூக்கினால் பக்கவாட்டில் கவிழும் ஆபத்து உண்டு. அதனால் அடிச்சட்டம் என்று மாற்றுகிறேன். 'அடிச்சட்டத்தை முழுவதும் விரிக்கவும்' என்றால் குழப்பம் இல்லை. கொக்கிகள் இருக்கும் குறுக்குச் சட்டத்துக்குக் கொக்கிச்சட்டம் போதும். கம்பம் கம்பம்தான்.

கூரையில் தண்டவாளம் போட்டு அதில் ஓடுகிற வகையும் இருக்கிறது. அதைத் தொங்கு ஆளேந்தி என்றால் சரியாக வருமா? அப்புறம், ஆங்கிலத்தில் ஸ்லிங் என்கிற அந்தத் துணிக்கு என்ன பெயர்? ஒரு தானியங்கி மொழிபெயர்ப்பு 'கவண்' என்று கொடுத்தது. தாத்தாவைக் கவணில் வைத்து நாற்காலிக்கு எறியச் சொல்கிறது போலிருக்கிறது.

———

> தொங்கு ஆளேந்தி

ஆள் எல்லா வகையிலும் தொங்கத்தான் செய்கிறார். வேறுபாடு கருவி எதைப் பற்றி நிற்கிறது என்பதில். எனவே உருள் ஆளேந்தி, கூரை ஆளேந்தி.

இந்த இரண்டுக்கும் இடையே தேர்வு செய்வதைப் பற்றிக் கையேட்டில் நாலு வரியாவது எழுதுங்கள். உருள் ஆளேந்தியை வாங்கிய பிறகுதான் அது கட்டிலுக்கு அடியில் நுழையவில்லை என்று பலர் கண்டுபிடிக்கிறார்கள். பல மாடல்களில் அடிச்சட்டத்தின் உயரம் 10 முதல் 12 செ.மீ. வரை வரும். கட்டிலுக்கு அடியில் அதைவிடக் கூடுதல் இடைவெளி வேண்டும். அடியில் பெட்டி வைத்த கட்டில் என்றால் முதலிலேயே அடிபட்டது. கழிப்பறைக் கதவின் அகலம், வாசற்படி மேடு, ஆளோடு சேர்த்துத் திருப்ப இடம், எல்லாவற்றையும் அளந்துவிட்டுத்தான் விலை கேட்க வேண்டும். கம்பளம் விரித்த தரையில் ஆளோடு சேர்த்துத் தள்ளினால் தள்ளுகிறவர் முதுகு போய்விடும். கூரை ஆளேந்தியில் தள்ளும் பாடு மிகக் குறைவு, தரையில் இடமும் அடைக்காது. ஆனால் கூரை எடை தாங்குமா என்று பொறியாளர் பார்த்துச் சொல்ல வேண்டும். தண்டவாளம் போகாத அறைக்கு அது போகவும் போகாது.

இன்னொன்று. கீழே விழுந்தவரைத் தரையிலிருந்து எடுக்கவும் இது உதவ வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். கொக்கிச்சட்டம் அவ்வளவு தாழ இறங்கும் மாடலாக இருந்தால்தான் அது நடக்கும். வாங்கும்போதே இறக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

துணிக்குத் தூளி என்பது என் வாக்கு. எல்லோருக்கும் தெரிந்த சொல். கால்பிரி தூளி, முழுத்தூளி, குளிக்கும்போது போட வலைத்தூளி என்று வகைகளும் எளிதாகக் கிளைக்கும்.

———

> எல்லாவற்றையும் அளந்துவிட்டுத்தான்

குறுக்கே ஒரு கேள்வி, தவறாக நினைக்க வேண்டாம். வீட்டில் பலசாலிகள் இரண்டு பேர் இருந்தால் கையாலேயே தூக்கிவிடலாமே? இத்தனை ஏற்பாடு எதற்கு?

———

> பலசாலிகள் இரண்டு பேர்

அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில்நல ஆய்வு அமைப்பைச் சேர்ந்த தாமஸ் வாட்டர்ஸ் 2007இல் ஒரு வரம்பு சொன்னார். எல்லாம் சாதகமாக இருக்கும்போதுகூட, ஆளைக் கையால் தூக்குகையில் ஒருவர் மேல் விழும் எடை 35 பவுண்டைத் தாண்டக் கூடாது. கிட்டத்தட்ட 16 கிலோ. மனிதருடைய ஒரு காலே மொத்த எடையில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு வரும். 100 கிலோ ஆளின் ஒற்றைக் காலைத் தூக்கிப் பிடித்தாலே வரம்பைத் தொட்டுவிடுவீர்கள். ஆள் சாக்கு மூட்டையும் இல்லை. நடுவில் பயந்து உங்கள் கழுத்தைப் பிடித்துக்கொள்வார். அந்த இரண்டு பலசாலிகள் இருக்கட்டும், ஆளேந்தியை இயக்க அவர்கள் தேவைப்படுவார்கள். பெரும்பாலான உருள் ஆளேந்திகளுக்கு இரண்டு பேர் வேண்டும்: ஒருவர் கருவிக்கு, ஒருவர் ஆளுக்கு.

———

> துணிக்குத் தூளி என்பது என் வாக்கு

அந்தத் துணியில் தினமும் உட்காருகிறவன் நான், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். தூளி வேண்டாம். என்னைப் பார்த்துக்கொள்கிறவர் அன்பாகத்தான் சொல்வார், தெரியும். ஆனால் பெரியவனைக் குழந்தையாக்கும் பேச்சு ஏற்கெனவே நிறையக் கேட்டாகிவிட்டது. ஐஎஸ்ஓ வகைப்பாட்டில் அதற்கு உடலைத் தாங்கும் அலகு என்ற பொருளில் பெயர் இருப்பதாக அறிவேன். அதிலிருந்து தாங்குதுணி என்று எடுக்கலாமே?

பெயர் எதுவானாலும் கையேட்டில் துணிக்குத் தனி அத்தியாயம் கொடுங்கள். கருவிக்கு மாதக்கணக்கில் யோசிப்பார்கள், துணியைக் கூட வந்ததே போதும் என்று விட்டுவிடுவார்கள். அளவு பெரிதானால் இடுக்கு வழியாக நழுவ வாய்ப்பு உண்டு. சிறிதானால் தொடையை அறுக்கும். தலை நிற்காதவருக்குக் கழுத்துவரை வரும் துணி வேண்டும். கழிப்பறைக்கென்று அடியில் அகலமாகத் திறந்த வகை உண்டு. உடைமாற்றச் சுலபம் என்று எல்லோருக்கும் அதை மாட்டிவிடுகிறார்கள். உடம்பை நிமிர்த்தி வைத்துக்கொள்ளும் பலம் இல்லாதவருக்கு அது ஆபத்து. தோள்பக்க வளையத்தைக் குட்டையாகவும் கால்பக்க வளையத்தை நீளமாகவும் மாட்டினால் நிமிர்ந்து உட்காருவோம். மாற்றி மாட்டினால் சாய்ந்திருப்போம். நாற்காலியில் இறங்க நிமிர்வு நல்லது, கட்டிலுக்குச் சாய்வு நல்லது. இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை, நானாகக் கவனித்தது.

———

> தாங்குதுணி

ஒப்புக்கொள்கிறேன். பயிற்சி வகுப்பில் யாராவது தூளி என்று சொன்னால் என்னால் தடுக்க முடியாது. அச்சில் தாங்குதுணி என்றே வரட்டும். கால்பிரி தாங்குதுணி, கழிப்பறைத் தாங்குதுணி என்று அதுவும் ஒழுங்காகக் கிளைக்கிறது.

———

எல்லோருக்கும் நன்றி. புதிய சொற்களோடு ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"தாங்குதுணியில் கிழிசல், பிரிந்த தையல், எழுத்து அழிந்துபோன விவரச்சீட்டு ஏதாவது இருந்தால் பயன்படுத்த வேண்டாம். ஆளேந்தி, தாங்குதுணி இரண்டின் எடை வரம்பையும் பார்க்கவும். எது குறைவோ அதுவே உங்கள் வரம்பு. அடிச்சட்டத்தை முழுவதும் விரிக்கவும். வளையங்கள் கொக்கிச்சட்டத்தில் சரியாக உட்கார்ந்திருக்கின்றனவா என்று, ஆள் கட்டிலிலிருந்து சற்றே எழும்பியதும் நிறுத்திப் பார்க்கவும். எல்லாச் சக்கரங்களையும் பூட்டவும்."

———

> எல்லாச் சக்கரங்களையும் பூட்டவும்

கடைசி வரியை மாற்றுங்கள். கட்டில், சக்கர நாற்காலி இவற்றின் சக்கரங்களைக் கட்டாயம் பூட்ட வேண்டும். ஆளேந்தியின் சக்கரத்தைத் தூக்கும்போது பூட்டாமல் விடச் சொல்லும் தயாரிப்பாளர்கள் பலர். எடை நடுவுக்கு வர கருவி கொஞ்சம் நகர வேண்டியிருக்கும். "ஆளேந்தியின் சக்கரத்துக்கு அதன் கையேடு சொல்வதைப் பின்பற்றவும்" என்று போடுங்கள். மின்சாரம் போனாலோ பேட்டரி தீர்ந்தாலோ ஆளைக் கீழே கொண்டுவரும் பிடிக்கு அவசர இறக்கி என்று பெயர் வைத்து, அது எங்கே இருக்கிறது என்று படத்தில் அம்புக்குறி போடுங்கள். அடியில் விரித்து ஆளை நகர்த்தும் வழுவழுப்பான துணிக்கும் பெயர் வேண்டும் என்றால் தனி இழையாகத் தொடங்குங்கள். வழுக்குவிரிப்பு என்று நான் முதல் கல்லைப் போட்டு வைக்கிறேன்.