‘கட்லோடிங்’: குடற்சுமையா, உள்ளூட்டமா?

டர்பனிலிருந்து:

நண்பர்களே, தாடி ஓணான் வளர்ப்புக் கையேட்டின் வரைவில் ‘கட்லோடிங்’ என்பதற்கு, அதாவது ஓணானுக்கு இரையாகும் பூச்சிக்கு முன்கூட்டியே சத்துத் தீனி கொடுப்பதற்கு, ‘குடற்சுமை’ என்று போட்டிருக்கிறது. வேண்டாம். படிப்பவர் மலச்சிக்கல் என்று நினைத்து விளக்கெண்ணெய் தேடுவார். ‘குடல்நிரப்பல்’ அதற்குத் தேவலை. ஆனால் யார் குடலை, எதைக் கொண்டு நிரப்புவது என்று அதுவும் சொல்லவில்லை. வெறும் சோளமாவு தின்ற சுவர்க்கோழிக்கும் குடல் நிறைந்துதான் இருக்கும். ஓணானுக்கு அதில் கால்சியம் கிடைக்காது.

பூச்சிக்கு எலும்பு இல்லை, அதனால் உடம்பில் கால்சியம் சொற்பம்; பாஸ்பரஸ் அதைப்போலப் பல மடங்கு. ஓணானுக்கோ பாஸ்பரஸ் ஒரு பங்கென்றால் கால்சியம் ஒன்றரை முதல் இரண்டு பங்கு வேண்டும். தவறினால் தாடை ரப்பர் போல வளையும், கால் நடுங்கும். இதை ஈடுகட்டத்தான் இரையாகப் போடுவதற்கு முந்தைய 24 முதல் 48 மணி நேரம் பூச்சிக்குத் தனித் தீனி. அது பெரும்பாலும் பூச்சியின் சதையில் ஏறுவதில்லை, குடலில்தான் கிடக்கிறது. தீனியை எடுத்துவிட்டால் ஒரே நாளில் கழிவாகிப் போய்விடும்.

ஆகவே ‘உள்ளூட்டம்’ என்று வைப்போம். மேலே கால்சியப் பொடி தூவுவதற்கு ‘மேற்பொடி’.

பீட்டர்மாரிட்ஸ்பர்கிலிருந்து:

> மேலே கால்சியப் பொடி தூவுவதற்கு ‘மேற்பொடி’

இது கேட்டதும் ஒட்டிக்கொண்டது. ‘உள்ளூட்டம்’தான் இடிக்கிறது. ஊட்டுவது என்றால் கரப்பானை மடியில் வைத்துச் சோறு ஊட்டுவது போல இருக்கிறதே! ‘இரையேற்றம்’ ஆகாதா?

எந்தச் சொல்லானாலும் இரண்டையும் அடுத்தடுத்து வையுங்கள். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று நினைக்கிறவர்கள் அதிகம். சுவர்க்கோழி காலாலும் வாயாலும் தன்னைத் துடைத்துக்கொண்டே இருக்கும். அதனால் மேற்பொடி கொஞ்ச நேரத்தில் உதிர்ந்துவிடும். சில நிமிடங்களில் ஓணான் தின்று தீர்க்கும் அளவே போட வேண்டும். மிச்சத்தை இரவில் விட்டுவைத்தால் பூச்சி ஓணானைக் கடிக்கும்.

வரைவில் ‘தீனி’ என்று மொட்டையாக இருப்பதும் போதாது. கோழிக்குஞ்சுத் தீவனம் 80 கிராம், கால்சியம் கார்பனேட் தூள் 20 கிராம். கால்சியம் 8 விழுக்காட்டுக்குக் குறையாது. மாவாக அரைக்க வேண்டும். குருணையாக விட்டால் பூச்சி தானியத்தைப் பொறுக்கித் தின்றுவிட்டுச் சுண்ணாம்பை ஒதுக்கிவிடும். அந்த இரண்டு நாளும் பட்டர்நட் பூசணி, கேரட், கீரை எதுவும் கூடாது, வைத்தால் மாவைத் தொடாது. தண்ணீர் நனைத்த பஞ்சில்தான்; திறந்த கிண்ணத்தில் பூச்சிக் குஞ்சுகள் மூழ்கிச் சாகும். 48 மணிக்கு மேல் இதையே கொடுத்தால் பூச்சிகள் சாகத் தொடங்கும். அதனால் வளர்ப்புப் பெட்டி வேறு, இந்தப் பெட்டி வேறு.

வளர்ப்புப் பெட்டியில் பூச்சியின் அன்றாடத் தீனியில் கீரை போடலாம். ஆனால் சந்தையில் இமிஃபினோ என்று கட்டுக்கட்டாக விற்கும் தண்டுக்கீரை வகையில் ஆக்சலேட் மிகுதி, கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். கடுகுக்கீரை மேல்.

ஜோகன்னஸ்பர்கிலிருந்து:

‘இரையேற்றம்’ விலையேற்றம் போல ஒலிக்கிறது. ‘உள்ளூட்டம்’ எனக்குச் சரி. கலைச்சொல்லைப் பெயராக மட்டும் பார்த்தால் போதாது, வளைத்தும் பார்க்க வேண்டும். உள்ளூட்டிய சுவர்க்கோழி, உள்ளூட்டாத மாவுப்புழு, உள்ளூட்டல் பெட்டி: எங்கும் முறியவில்லை. குடல்நிரப்பலை இப்படி வளைத்துப் பாருங்கள்.

விளக்கத்தில் இரண்டு சேர்க்க வேண்டும். ஒன்று வெப்பம். 28 முதல் 30 பாகையில்தான் சுவர்க்கோழி நன்றாகத் தின்னும். இங்கே ஜூலைக் குளிரில் மின்வெட்டு வந்து சூட்டுப்பாய் அணைந்தால் பூச்சி மரத்துப்போய் மூலையில் ஒண்டிக்கொள்ளும். பெட்டியில் 48 மணி என்று எழுதியிருக்கும், குடல் காலியாக இருக்கும். சூடு இருந்த நேரத்தை மட்டும் கணக்கில் எடுங்கள்.

இரண்டாவது, பட்டுப்புழு. பிள்ளைகள் காலணிப் பெட்டியில் முசுக்கட்டை இலை போட்டு வளர்ப்பது. அதற்கு உள்ளூட்டம் இல்லை, மாவை அது தொடாது. மேற்பொடி மட்டுமே.

கூடவே இன்னொன்று தீர வேண்டும். பெட்டியடியில் சேரும் பூச்சிக் கழிவு, ‘ஃபிராஸ்’. ஈரம் பட்டால் அம்மோனியா நாறி, கூட்டமே செத்துப்போகும், அதனால் கையேட்டில் பலமுறை வருகிறது. வரைவிலுள்ள ‘பூச்செச்சம்’ வேண்டாம், மலரின் மிச்சம் என்று படிக்கிறார்கள். ‘எச்சத்தூள்’ போதுமா?