நிறுவன ஒப்புதல் கிடைக்காமல் நிற்கும் திறமூலப் பங்களிப்பு

எவரும் பயன்படுத்தவும் மாற்றவும் அனுமதிக்கும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் வெளியாகும் ஒரு திறமூல மென்பொருளுக்காக, ஓய்வு நேரத்தில் என் சொந்தக் கணினியில் எழுதிய சுமார் 400 வரி நிரலை, 3 மாதங்களாக அனுப்ப முடியாமல் வைத்திருக்கிறேன். பணிக்காலத்தில் நான் உருவாக்கும் மென்பொருள் அனைத்தும் நிறுவனத்திற்கே உரியது என்கிறது என் பணி ஒப்பந்தம்.

மேலாளர் வாய்மொழியாகச் சம்மதித்தார். சட்டப் பிரிவுக்கு இருமுறை மின்னஞ்சல் அனுப்பியும் பதில் இல்லை. அவ்வுரிமத்தின் 3ஆம் பிரிவு பேட்டன்ட் (கண்டுபிடிப்புக் காப்புரிமை) உரிமத்தையும் சேர்த்தே வழங்குவதால் தயங்குகிறார்கள் என்று கருதுகிறேன். அந்தத் திறமூல மென்பொருளின் குழுவினர் கேட்கும் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில், நிறுவனத்தின் அனுமதியையோ உரிமைத் துறப்பையோ (நிரல் மீதான தன் உரிமையை நிறுவனம் விட்டுக்கொடுப்பதையோ) பெற்றுவிட்டதாக நானே உறுதியளிக்க வேண்டும். வாய்ச்சொல்லை நம்பி அதில் கையொப்பமிட மனம் ஒப்பவில்லை.

இத்தகைய ஒற்றைப் பங்களிப்புக்கு எழுத்துப்பூர்வ உரிமைத் துறப்பைப் பெற்றவர்கள், கோரிக்கைக் கடிதத்தில் எவ்வாறான வாசகத்தை முன்வைத்தீர்கள்?