கியூபா சாப்பாட்டுக் கடை அனுபவங்கள்: காரத்தைத் தேடாதீர்கள், புளிப்பைத் தேடுங்கள்

மயாமிக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்க ஒரு கியூபா கடைக்குள்ளும் நான் கால் வைக்கவில்லை. மெக்சிகோ சாப்பாடு மாதிரிதானே இருக்கும் என்று நினைத்துக் கடந்து போய்க்கொண்டிருந்தேன். அது எவ்வளவு தப்பு என்று தெரிந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன். சாப்பிட்டவர்கள் உங்கள் அனுபவத்தையும் கீழே சொல்லுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு உதவும்.

என்னோடு வேலை செய்யும் அம்மா ஒருவர் கியூபாவில் கமகுவே என்ற ஊரில் பிறந்தவர். 1980இல் அங்குள்ள மரியேல் துறைமுகத்திலிருந்து படகேறி வந்த குடும்பம். அந்த ஒரு வருடத்தில் மட்டும் சுமார் 1,25,000 பேர் அப்படி ஃப்ளோரிடாவில் வந்து இறங்கினார்கள். அவருக்கு அப்போது ஒன்பது வயது. "இன்னும் ஒரு கியூபா கடைக்கும் போகலையா?" என்று கேட்டுவிட்டு, அந்த வெள்ளிக்கிழமை மதியமே என்னைக் காரில் ஏற்றிக்கொண்டார்.

லிட்டில் ஹவானாவில் எட்டாம் தெருவை ஸ்பானிஷில் 'கயே ஓச்சோ' என்பார்கள். வயசாளிகள் டொமினோ ஆடும் பூங்கா, சுருட்டுக் கடை, சுற்றுலாக் கூட்டம் எல்லாவற்றையும் தாண்டிப் போனோம். பத்துப் பன்னிரண்டு மேசை போட்ட சின்னக் கடை. தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் கியூபா வரைபடம் அச்சடித்திருந்தது. உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், அந்தக் காகிதத்தில் கமகுவேயின் மேல் விரலை வைத்ததுதான். எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் விரலை எடுக்கவும் இல்லை.

எனக்கு ரோப்பா பியேஹா கொண்டுவரச் சொன்னார். 'பழைய துணி' என்று அர்த்தம். மாட்டிறைச்சியை நன்றாக வேகவைத்து நார் நாராகப் பிய்த்து, தக்காளி, குடைமிளகாய், வெங்காயம், பூண்டு சேர்த்து வதக்கிய குழம்பில் மறுபடி வேகவிடுவார்கள். பார்க்க நிஜமாகவே கிழிந்த துணி மாதிரிதான் இருக்கும். பக்கத்தில் வெள்ளைச் சோறு, ஒரு கிண்ணம் கறுப்பு பீன்ஸ், பழுத்த வாழைப்பழ வறுவல். மரவள்ளிக்கிழங்கு தனித் தட்டில்.

முதல் வாய் வைத்ததும் கண் தானாக மேசை மேலே மிளகாய்ச் சாஸைத் தேடியது. நம் நாக்குக்கு அப்படித்தான் தோன்றும். கியூபா சமையலில் காரம் என்பதே கிடையாது என்று சொல்லலாம். அவர்கள் போடும் சின்ன மிளகாய்கூட வாசனைக்குத்தான். நான் கைநீட்டுவதற்குள் அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார். "முதல்ல யூக்கா சாப்பிடு. அப்புறம் உன் இஷ்டம்."

யூக்கா என்றால் நம் மரவள்ளிக்கிழங்கேதான். பூவாய்ப் பிளக்கிற வரை வேகவைத்து, நடு நாரை உருவி எடுத்திருந்தார்கள். அதன் மேலே ஊற்றியிருந்ததுதான் மோஹோ. உப்போடு நசுக்கிய பூண்டின் மேல் சூடான எண்ணெயைக் கொட்டி, அது பொரிந்து அடங்கும்போது புளிப்பு ஆரஞ்சுச் சாற்றை விடுவார்கள். தட்டு என் முன்னால் வந்தபோது ஓரத்தில் இன்னும் சின்னதாகச் சலசலத்துக்கொண்டிருந்தது. அந்தப் புளிப்பு எலுமிச்சை மாதிரி குத்தவில்லை. நம்மூர் நாரத்தங்காயில் வருமே, லேசான கசப்போடு சேர்ந்த புளிப்பு, அதற்கு மிகவும் பக்கம். பூண்டு பச்சையும் இல்லை, பொரிந்ததும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் நின்றது. அன்றைக்கு எனக்கு அந்தச் சமையலின் சாவி கிடைத்தது. காரத்தால் நாம் செய்கிற வேலையை அவர்கள் பூண்டையும் புளிப்பையும் வைத்துச் செய்கிறார்கள். அதற்கப்புறம் மிளகாய்ச் சாஸ் எனக்கு ஞாபகமே வரவில்லை.

இன்னொன்று, எந்தக் கடைக்குப் போனாலும் கறுப்பு பீன்ஸை முதலில் தனியாக ஒரு கரண்டி எடுத்துச் சாப்பிட்டுப் பாருங்கள். குழம்பு கெட்டியாக, சீரகமும் ஒரிகானோவும் மூக்குக்கு எட்டும்படி, கடைசியில் ஒரு துளி வினிகரின் புளிப்போடு இருந்தால் அந்தச் சமையலறையை நம்பலாம். டப்பாவில் வந்ததைச் சுடவைத்துக் கொடுத்தால் அதுவும் உடனே தெரிந்துவிடும். என் அனுபவத்தில் பீன்ஸ் சரியில்லாத கடையில் வேறு எதுவும் சரியாக இருந்ததில்லை.

சாப்பிட்டு முடித்து வெளியே ஜன்னலுக்கு வந்தோம். 'வெந்தனீத்தா' என்று பெயர். நடைபாதையில் நின்றபடியே காபி வாங்கும் ஜன்னல். அவர் ஒரு கொலாடா வாங்கினார். பெரிய தெர்மாகோல் கோப்பையில் நாலைந்து பேருக்கான காபி, கூடவே விரல் நுனி அளவில் குட்டிக் கோப்பைகள். முதலில் இறங்கும் சில சொட்டு டிகாக்ஷனைச் சர்க்கரையோடு அடித்து நுரையாக்கி, அதன் மேல் மீதிக் காபியை ஊற்றுகிறார்கள். கொலாடாவை ஒருவரே குடிப்பதில்லை, அது பங்கிடுவதற்கானது. ஜன்னலில் நின்ற முன்பின் தெரியாத பெரியவருக்கும் ஒரு கோப்பை ஊற்றிக் கொடுத்தார் அந்த அம்மா. அவர் வாங்கிக்கொண்டு எந்த ஊர் என்று கேட்டார். பிறகு இருவரும் இருபது நிமிடம் கமகுவே பற்றிப் பேசினார்கள். எனக்குப் பாதிதான் புரிந்தது. ஆனாலும் நகர மனம் வரவில்லை.

மறுமொழி, ஓர்லாண்டோவிலிருந்து

நல்ல பதிவு, அக்கா. நான் சைவம். எனக்கு நடந்ததைச் சொன்னால் என்னைப் போன்றவர்களுக்குப் பயன்படும்.

நண்பர் ஒருவரின் பிறந்தநாளுக்குப் போயிருந்தோம். சோறும் கறுப்பு பீன்ஸும் எப்படியும் சைவம்தானே என்று நினைத்து, கேட்காமலே சொல்லிவிட்டேன். பாதிக் கிண்ணம் முடிந்த பிறகு அடியில் பன்றித் துண்டு வந்தது. அன்றைக்கு எழுந்துபோய் வாய் கொப்பளித்துவிட்டு வந்து பேசாமல் உட்கார்ந்திருந்தேன். யாரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் வழக்கத்தில் பீன்ஸுக்குப் பன்றித் துண்டு சேர்ப்பது உப்புப் போடுவது மாதிரி. மரவள்ளியையும் வாழைக்காயையும்கூடப் பன்றிக் கொழுப்பில் செய்யும் கடைகள் உண்டு. சோறும் பீன்ஸும் சேர்த்தே வேகவைக்கும் 'மோரோஸ்' என்றால் இன்னும் ஜாக்கிரதை. அதில் பன்றி இறைச்சி இருக்கவே அதிக வாய்ப்பு.

இப்போது ஒரே வரியை மனப்பாடம் செய்துவைத்திருக்கிறேன்: "லோஸ் ஃப்ரிஹோலெஸ் யேவான் கார்னே, ஹமோன் ஓ மந்தேகா?" பீன்ஸில் இறைச்சி, ஹாம், கொழுப்பு ஏதாவது சேர்கிறதா என்று பொருள். 'கார்னே' என்று மட்டும் கேட்காதீர்கள். பலருக்கு அது மாட்டிறைச்சியை மட்டும்தான் குறிக்கும். ஹாமைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள். இப்படிக் கேட்க ஆரம்பித்த பிறகு எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு கடையில் சமையல்கார அம்மாவே வெளியே வந்து, எண்ணெயில் தனியாக தோஸ்தோனேஸ் போட்டுத் தந்தார். வாழைக்காயைத் தடித் துண்டாக நறுக்கி ஒரு முறை பொரித்து, எடுத்துத் தட்டையாக அமுக்கி, மறுபடி பொரிப்பார்கள். மேலே மோஹோ. அது ஒன்றுக்காகவே மாதம் ஒரு தடவை போகிறேன்.

மறுமொழி, டொராண்டோவிலிருந்து

வணக்கம். கனடாவில இருக்கிற எங்கட சனம் கனபேர் குளிர்காலத்தில கியூபாவின்ர வரதேரோக் கடற்கரைக்குப் போய் வாறவை. ஹோட்டல்ல வரிசையா வைக்கிற சாப்பாட்டைச் சாப்பிட்டுப்போட்டு "கியூபாச் சாப்பாட்டில ருசியே இல்லை" எண்டு சொல்லுவினம். தயவுசெய்து அதை வைச்சு முடிவெடுக்காதையுங்கோ.

2017இல நானும் மனிசியும் ஹவானாவில ஒரு 'பலதார்' தேடிப் போனனாங்கள். வீட்டுக்குள்ளேயே நடத்திற தனியார் சாப்பாட்டுக் கடை. 1990களிலதான் அரசாங்கம் அனுமதிச்சது. அதிலயும் பன்னிரண்டு கதிரைக்கு மேல போடக்கூடாது எண்டு கட்டுப்பாடு. அந்த நேரம் அங்க எல்லாரும் பார்த்த ஒரு பிரேசில் டிவி தொடரில கதாநாயகி நடத்தின சாப்பாட்டுக் கடையின்ர பேர்தான் சனத்தின்ர வாயில நிலைச்சிட்டுது. 2011இல அதை ஐம்பது கதிரை வரைக்கும் கூட்டினவை. நாங்கள் போனது ஒரு பழைய வீட்டின்ர முன் விறாந்தை, ஆறு மேசைதான்.

அக்கா சொன்ன ரோப்பா பியேஹா அங்க ஆட்டிறைச்சியில வந்தது. மாட்டைக் களவா வெட்டினால் அங்க சிறைதான். அதால மாட்டிறைச்சி சனத்துக்கு லேசில கிடைக்கிறேல்ல. மயாமிக்காரர் அசல் எண்டு சொல்லுறது 1959 புரட்சிக்கு முந்தின கியூபாவின்ர தட்டு. தீவில இருக்கிறவை சாப்பிடுறது கிடைச்சதை வைச்சுச் சமைச்ச தட்டு. எனக்கு இரண்டும் அசல்தான்.

சாப்பிட்டு முடிய அந்த வீட்டு அம்மா வந்து எங்களோட இருந்தவ. சோவியத் விழுந்த பிறகு வந்த பஞ்சத்தை அங்க 'விசேட காலம்' எண்டு சொல்லுறவை. அந்த நேரம் கிரேப்ஃப்ரூட் தோலைக் கசப்புப் போக அவிச்சு, பூண்டும் தேசிக்காயும் பிரட்டி, பாண் தூள் போட்டுப் பொரிச்சு, "இதுதான் ஸ்டேக்" எண்டு பிள்ளைகளுக்குக் குடுத்தனான் எண்டு சொன்னவ. நான் கேட்டுக்கொண்டே இருந்தனான். அதே வருசங்களில நாங்கள் யாழ்ப்பாணத்தில பொருளாதாரத் தடைக்குள்ள இருந்தம். சவுக்காரம் இல்லாமல் பனங்காயில உடுப்புத் தோய்ச்சம், ஜாம் போத்தல் விளக்கில படிச்சம். மனிசி அதை ஆங்கிலத்தில சொல்ல, அந்த வீட்டு அம்மாவின்ர மகன் ஸ்பானிஷில சொன்னவன். அந்த அம்மா எழும்பி உள்ள போய், காசு வாங்காமல் ஒரு தட்டு மரவள்ளிக்கிழங்கு கொண்டுவந்து வைச்சவ. அந்தக் காலத்தில எங்கட வீட்டிலயும் இரவுச் சாப்பாடு அதுதான்.

ஒரு சின்ன எச்சரிக்கை: பப்பாப்பழம் கேக்கிறதெண்டால் ஹவானாவில 'ஃப்ரூத்தா பொம்பா' எண்டு கேளுங்கோ. 'பப்பாயா' எண்ட சொல் அங்க கெட்ட வார்த்தை.

மறுமொழி, டாம்பாவிலிருந்து

எங்கள் ஊரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1880களில் டாம்பாவின் ஈபோர் சிட்டி பகுதியில் சுருட்டுத் தொழிற்சாலைகள் வந்தபோதே கியூபாக்காரர்கள் இங்கே குடியேறிவிட்டார்கள். கொலம்பியா என்ற உணவகம் 1905இலிருந்து நடக்கிறது. கியூபன் சாண்ட்விச்சில் ஹாம், வாட்டிய பன்றி இறைச்சி, சுவிஸ் சீஸ், ஊறுகாய் வெள்ளரி, கடுகு இருக்கும். டாம்பாவில் அதோடு சலாமியும் வைப்பார்கள். அதே தெருக்களில் வாழ்ந்த இத்தாலியர்கள் கொண்டுவந்தது. மயாமிக்காரர்கள் இதை ஒத்துக்கொள்ளவே மாட்டார்கள். என் ஓட்டு சலாமிக்குத்தான். ரொட்டியைக் கவனித்துப் பாருங்கள்: பனை இனத்து ஓலைக் கீற்று ஒன்றை மாவின் மேல் நீளவாக்கில் வைத்துத்தான் சுடுவார்கள், மேல்தோல் அந்தக் கோட்டில் பிளக்கும். பேக்கரியில் வாங்கும்போது சில ரொட்டிகளில் கருகின ஓலை ஒட்டியே இருக்கும்.

பதிவிட்டவர்

டொராண்டோ அண்ணா, உங்கள் பதிவை அந்த அம்மாவுக்கு வரிவரியாகச் சொன்னேன். கிரேப்ஃப்ரூட் தோல் என்றதுமே தலையாட்டினார். ஊரிலேயே இருந்துவிட்ட அவருடைய அத்தையும் அதைத்தான் செய்தாராம்.

மோஹோ எப்படிச் செய்வது என்று தனியாகக் கேட்டவர்களுக்கு, அவர் சொன்ன அளவு இதுதான். எட்டுப் பல் பூண்டு, ஒரு டீஸ்பூன் உப்பு. உரலில் நசுக்குங்கள், மிக்ஸி வேண்டாம். கால் கப்புக்குக் கொஞ்சம் அதிகமாக ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கி அதன் மேல் ஊற்றுங்கள். பொரிந்து அடங்கியதும் அரை கப் புளிப்பு ஆரஞ்சுச் சாறு. லத்தீன் மளிகைக் கடையில் 'நராங்ஹா ஆக்ரியா' என்று கேட்டால் பழமாகவே கிடைக்கும். கிடைக்காவிட்டால் பாதி ஆரஞ்சு, பாதி எலுமிச்சை. எண்ணெய் கொதிக்கும்போது சாற்றை விட்டால் மேலே தெறிக்கும், ஒரு நிமிடம் பொறுத்து விடுங்கள். கிழங்கு சூடாக இருக்கும்போதே ஊற்றிவிட வேண்டும், ஆறினால் உள்ளே இறங்காது.