இரண்டு டர்ட் பைக், ஒரு சின்ன கேம்பர்: எந்த ட்ரக்?

கேள்வி: ஃபீனிக்ஸில் இருக்கிறேன். எனக்கும் மகனுக்கும் ஆளுக்கொரு ஹோண்டா சிஆர்எஃப்250எஃப். ஒன்று 120 கிலோ. கலிஃபோர்னியாவின் கிளாமிஸ் மணல்மேடுகளுக்குப் போனால் இரவு தங்க, ட்ரக் பின்னால் மாட்டி இழுக்கும் 1,400 கிலோ கேம்பர் பார்த்து வைத்திருக்கிறேன். டொயோட்டா டகோமா ட்ரக் போதுமா, அதைவிடப் பெரிய ஃபோர்டு எஃப்-150 வேண்டுமா?

பதில் 1: இழுவைத் திறனை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஓட்டுநர் கதவருகே உள்ள ஸ்டிக்கரில் வண்டி சுமக்கும் எடை இருக்கும். ட்ரக்கில் ஏற்றும் பைக்குகள் 240 கிலோ. கேம்பர் எடையில் 10 முதல் 15 சதவீதம் ட்ரக்கின் கொக்கியில் இறங்கும். அப்புறம் நீங்கள் இருவர், தண்ணீர், பெட்ரோல். 600 கிலோவை நெருங்கிவிடும். பல டகோமாக்கள் தாங்காது.

பதில் 2: ட்ரக்கின் பின்னால் சரக்கு ஏற்றும் பெட்டியின் நீளமும் முக்கியம். 5.5 அடியில் பைக் ஏற்றினால் பின்கதவு திறந்தே இருக்கும். திருப்பத்தில் என் பின்கதவு, கேம்பரின் முன்பக்கம் அதைத் தாங்கி நிறுத்தும் ஜாக்கில் இடித்து வளைந்தது. கேம்பரை மாட்டித் திருப்பிப் பார்த்தே ட்ரக்கை வாங்குங்கள்.

கேட்டவர்: கதவு விஷயம் தோன்றவே இல்லை. சரி, 6.5 அடி எஃப்-150தான் தேடுகிறேன், அதிலும் ஸ்டிக்கரைப் படித்துவிட்டு.