பழைய கவுண்டி கோர்ட் கட்டுகளில் உங்களை இன்னும் விடாத பக்கம் எது?

கேரிவாசி:
மனைவி வீட்டு வம்சாவளிக்காக, அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து ராலே காப்பகத்தில் உட்கார்ந்த மூன்றாவது நாள். கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) கோர்ட்டின் மினிட் புத்தகம், அதாவது அன்றாட நடவடிக்கைக் குறிப்பு, 1790-கள், மைக்ரோஃபிலிம். உங்களுக்கே தெரியும், முக்கால்வாசி தூக்கம்தான் வரும்: இந்த ரோட்டுக்கு இவர் மேஸ்திரி, இந்த உயிலுக்கு இவர் சாட்சி, இவர் பன்றிக்கு இடது காதில் வெட்டுக்குறி, இவருக்குச் சாராயக்கடை லைசென்ஸ். நடுவில் ஓர் ஆள் வந்து, சண்டையில் இன்னொருவன் தன் காதைக் கடித்துத் துப்பிவிட்டான், பதிந்துகொள்ளுங்கள் என்கிறான். பிராது இல்லை, நஷ்டஈடும் கேட்கவில்லை. பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்துவிட்டேன். வெளியே காபி குடிக்கும்போதுதான் உறைத்தது: அந்தக் காலத்தில் பொய்ச்சாட்சி சொன்னவன் காதைத்தான் அறுப்பார்கள். வெளியூரில் காதில்லாதவனை யார் நம்புவார்? போன காதுக்கு சர்ட்டிபிகேட் வாங்கிக்கொண்டு போயிருக்கிறான்.

மல்லிகா_ட:
எனக்குச் சிரிப்பு வராத பக்கம். அப்ரெண்டிஸ் பத்திரம், ஆறு வயதுப் பையன், 21 வயது வரை பீப்பாய் செய்பவர் வீட்டில் வேலை. 'ஆர்ஃபன்' என்றிருந்தது, நானும் அம்மா செத்துவிட்டாள் என்று எழுதிவைத்தேன். இரண்டு வருஷம் கழித்து அதே கவுண்டிக் கட்டில் அந்த அம்மாவின் மறுமணப் பத்திரம்! அப்பா இல்லாவிட்டால் போதுமாம், பிள்ளை அநாதை. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜான்சனும் இப்படித்தான், அம்மா உயிரோடு இருக்கும்போதே ராலேயில் ஒரு தையல்காரரிடம் கட்டிவைக்கப்பட்டவர். 1824-ல் அண்ணனோடு ஓடிப்போனார், பிடித்துத் தந்தால் 10 டாலர் என்று முதலாளி பேப்பரில் போட்டார். என் பையனுடைய பத்திரத்தில் அவனைப் பெற்றவள் பெயரே இல்லை. அன்றைக்கு கோர்ட் வாசலில் நின்றிருப்பாளோ என்றுதான் இன்னும் யோசிக்கிறேன்.

சட்டம்படித்தவன்:
அதே மாநிலத்து ஈடன்டன் ஊருக்குப் போயிருந்தேன், 1767-ல் கட்டிய சோவான் கவுண்டி கோர்ட் கட்டடம். லிடியா வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். வருஷக் கூலிக்கு எடுத்த அடிமைப் பெண், அடி தாங்காமல் ஓடினாள், கூலிக்கு எடுத்த ஜான் மான் என்பவன் அவளைச் சுட்டான். இதே ஊர் ஜூரிதான் அவன் குற்றவாளி என்றது. அதுதான் எனக்கு ஆச்சரியம், அடிமைமுறை ஊரின் வெள்ளைக்கார ஜூரி. மேல்முறையீட்டில் மாநில சுப்ரீம் கோர்ட் நீதிபதி தாமஸ் ரஃபின், மனம் ஒப்பவில்லை என்று சொல்லிக்கொண்டே, எஜமானனின் அதிகாரம் முழுமையாக இருக்க வேண்டும் என்று எழுதி ஜான் மானை விடுவித்துவிட்டார். அந்த கோர்ட் உட்கார ஆரம்பித்து அப்போது பத்து வருஷம்தான். வெள்ளைக்காரனுக்கு எதிராக அடிமை சாட்சி சொல்லச் சட்டம் விடாது, அதனால் குண்டு பட்டவளின் வாய்வார்த்தை ஒன்றுகூட எங்கும் இல்லை.

பழையகட்டு:
கேரிவாசி, அது சாராயக்கடை இல்லை. புத்தகத்தில் 'ஆர்டினரி' என்று இருந்திருக்கும், அப்படி என்றால் சாப்பாடு, படுக்கை, குதிரைத் தீனி எல்லாம் சேர்ந்த சத்திரம், சாராயமும் உண்டு, விலையை கோர்ட்டே நிர்ணயிக்கும். என் கதை சின்னது: ஒரு வருஷம் ரிச்சர்ட் ரோ என்பவரைத் தேடினேன். எந்தக் கவுண்டியில் பார்த்தாலும் ஜான் டோ அவர்மேல் வழக்கு. இப்படியும் ஒரு பகையா! நில வழக்கை நடத்த வக்கீல்கள் போட்ட பொய்ப் பெயர்கள் என்று காப்பகத்து அம்மா சொன்னபோது முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அதனால் சொல்கிறேன், மல்லிகா மேடம், வார்த்தையை நம்பாதீர்கள். 'இன்ஃபன்ட்' என்றால் கைக்குழந்தை இல்லை, 21 நிரம்பாத யாரும். 1752-க்கு முன் வருஷம் மார்ச் 25-ல் பிறந்தது, ஆகவே 1740 பிப்ரவரி என்றால் நம் கணக்கில் 1741. மினிட் புத்தகத்தோடு நிறுத்தாமல் மடித்த உதிரித்தாள்களையும் கேளுங்கள். பெரிய குற்ற வழக்கென்றால் கவுண்டிக் கட்டில் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். கவுண்டி கோர்ட்டில் உட்கார்ந்தவர்கள் உள்ளூர் மிராசுதார்கள், அடிமை அல்லாதவருக்குத் தூக்குத்தண்டனை தருவது அவர்கள் கையில் இல்லை. அந்த வழக்குகளை விசாரித்த சுப்பீரியர் கோர்ட் 1806 சட்டத்துக்குப் பிறகுதான் கவுண்டிதோறும் வந்தது, அதற்கு முந்தையது பல கவுண்டி சேர்ந்த டிஸ்ட்ரிக்ட்டின் பெட்டியில் இருக்கும். 1868-ல் பழைய கவுண்டி கோர்ட்டையே எடுத்துவிட்டார்கள், அதற்குப் பிறகு வேறு வரிசை. வர்ஜீனியா பக்கம் போனால்...

மல்லிகா_ட:
சார், நான் ஆலோசனையே கேட்கவில்லையே. அம்மாவைப் பற்றித்தான் எழுதினேன்.

கேரிவாசி:
சரி, சத்திரம் என்றே வைத்துக்கொள்வோம். காது போனது அங்கேதான் என்று நினைக்கிறேன்.