ஆர்எக்ஸ் 100 ரீபில்ட் பண்ணியாச்சு, ஃபுல் ரேஸ்ல பிஸ்டன் பிடிக்குது, அவசரம்

தோவாளை ஆர்எக்ஸ்:
அண்ணன்மாரே ஒரு உதவி. என் யமஹா ஆர்எக்ஸ் 100 டூஸ்ட்ரோக் பைக் என்ஜின மொத்தமா பிரிச்சு புதுசா கட்டியாச்சு, போர்ட்டிங் பண்ணி (பிளாக்குல காத்து போற வர்ற வழிய தேச்சு பெருசாக்கி) ரேஸுக்கு போடுற சேம்பர் சைலன்சர் மாட்டி கார்பரேட்டரும் பெருசு போட்டாச்சு, வண்டி நல்லா பறக்குது ஆனா ஃபுல்லா முறுக்கிட்டு கொஞ்ச தூரம் போனா சடார்னு பிஸ்டன் பிளாக்குல இறுகிப் பிடிச்சு பின்வீல் லாக் ஆகுது. கிளட்ச் பிடிச்சு ஓரங்கட்டி ஆற விட்டா திரும்ப ஸ்டார்ட் ஆயிரும். அடுத்த மாசம் கோயம்புத்தூர் கரி ரேஸ் ட்ராக்ல ஓட்ட ஏற்பாடு பண்ணியாச்சு. திரும்ப பிரிக்கணுமா? சீக்கிரம் சொல்லுங்க.

வடசேரி டூஸ்ட்ரோக்:
தம்பி, பிஸ்டன் என்ன சைஸ், பிஸ்டனுக்கும் பிளாக்குக்கும் நடுவுல கேப் எவ்வளவு விட்டாங்க, கார்பரேட்டர் எத்தனை எம்எம், மெயின் ஜெட் (ஃபுல் த்ராட்டில்ல பெட்ரோல் விடுற ஓட்டை) என்ன நம்பர், ஆயில் பம்ப் இருக்கா இல்ல பெட்ரோல்ல கலக்குதியா, பிளக் என்ன நிறத்துல வருது? இதுல ஒண்ணு கூட நீ சொல்லல. பிஸ்டன வெளிய எடுத்திருந்தா எந்தப் பக்கம் கோடு விழுந்திருக்குன்னு ஒரு போட்டோ போடு, பாதி விஷயம் அதுலயே தெரிஞ்சிரும்.

மார்த்தாண்டம் 75:
பெட்ரோலாக்கும் காரணம், வேற ஒண்ணும் இல்ல. இப்ப பெட்ரோல் பங்குல வர்றது எல்லாம் இ20, 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எனக்க வண்டியிலயும் அது வந்த பெறவுதான் சூடு கூடுச்சு. எத்தனால்ல ஆக்ஸிஜன் இருக்கு, சும்மா பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து வேணும்னா இ20க்கு 13.5 பக்கத்துலயே போதும், அப்போ பழைய ஜெட்டோட ஓட்டினா லீனா, அதாவது பெட்ரோல் கம்மியா காத்து கூடுதலா தானே எரியும்? 1985ல வந்த டிசைன் வண்டிக்கு இத யாரு யோசிச்சா. அதுவும் நம்ம ஊரு கடக்கரை ஈரத்துல டேங்க் பாதி காலியா கெடந்தா எத்தனால் வெள்ளத்த (தண்ணிய) இழுத்து வச்சுக்கும். முதல்ல ஜெட்ட ரெண்டு சைஸ் ஏத்து.

பழைய இரும்பு:
மாசத்துக்கு ஒருத்தன் இப்படி வந்து நிக்கான். கேள்வி கேக்க முதல்ல படிக்கணும் தம்பி. "கார்பரேட்டர் பெருசு", "போர்ட்டிங் பண்ணியாச்சு" இதெல்லாம் ஒரு தகவலா? எக்ஸாஸ்ட் போர்ட்ட எவ்வளவு தூக்கின, ஸ்க்விஷ் கேப் (பிஸ்டன் உச்சிக்கு வரும்போது ஹெட்டுக்கும் அதுக்கும் உள்ள இடைவெளி) எவ்வளவு, ஹெட்ட சீவினியா, டைமிங்க டயல் கேஜ் வச்சு பாத்தியா? இந்த என்ஜின்ல நான் கை வைக்க ஆரம்பிச்சப்போ நீங்கல்லாம் பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டீங்க. ட்ராக்குல ஓட்டணும்னா ட்ராக்குக்கு ஏத்த மாதிரி அளந்து கட்டணும். அளவு இல்லாம யாரும் பதில் சொல்ல முடியாது, சொல்றவன் உன்ன ஏமாத்துதான்.

தோவாளை ஆர்எக்ஸ்:
பிஸ்டன் 0.50 எம்எம் ஓவர்சைஸ். கேப் லேத்துல ரெண்டு தவ், அதாவது இன்ச்சுல ஆயிரத்துல ரெண்டு பங்குன்னு சொன்னாங்க. கார்ப் 24 எம்எம், மெயின் ஜெட் 110, அது கூடவே வந்தது. பம்ப கழட்டி அடைச்சாச்சு, லிட்டருக்கு 25 மில்லி கலக்குதேன். க்ராங்குக்கு புது கன்ராட், புது பேரிங். பிளக் வெள்ளையா வருது. பிஸ்டன்ல எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கோடு. போட்டோ ஏற மாட்டேங்குது.

எண்ணெய்ப்புகை:
25 மில்லியா? பெறவு பிடிக்காம என்ன செய்யும். ட்ராக்குல ஓட்டுற வண்டிக்கு 50 மில்லி ஊத்து, 20க்கு 1. எங்க அப்பா காலத்துல எல்லா வண்டிக்கும் அப்படித்தான், ஒரு வண்டி பிடிச்சதா கேள்விப்பட்டது இல்ல. புகை வரட்டும், வந்தா என்ன, பிஸ்டன் மிஞ்சும்ல.

வடசேரி டூஸ்ட்ரோக்:
அது அந்தக் காலத்து மினரல் ஆயிலுக்கு அண்ணாச்சி. இப்ப ஜாஸோ எஃப்டி கிரேடு (ஜப்பான் தர அளவுல உயர்ந்தது) ஆயில் 40க்கு 1ல, அதாவது தம்பி ஊத்துற 25 மில்லியில, தாராளமா தாங்கும். இன்னொண்ணு, ஆயில் கூட்டினா ஜெட் வழியா போற பெட்ரோல் குறையும், ஒரே ஓட்டை வழியா தானே ரெண்டும் போகணும். ஏற்கனவே லீனா ஓடுற வண்டிக்கு ஜெட்ட மாத்தாம ஆயில மட்டும் கூட்டினா இன்னும் லீன் ஆகும்.

எண்ணெய்ப்புகை:
இது எந்த ஊரு கணக்கு? ஆயில் கூடினா வழுவழுப்பு கூடும், உராய்வு குறையும், சூடு குறையும். அவ்வளவுதான்.

வடசேரி டூஸ்ட்ரோக்:
வழுவழுப்பு கூடும், அத நான் மறுக்கல. ஆனா பிஸ்டன்ல கோடு எங்க இருக்குன்னு பாருங்க. ஆயில் பத்தாம பிடிச்சா பெரும்பாலும் இன்டேக் பக்கம் உரசல் இருக்கும். கேப் பத்தாம பிடிச்சா நாலு மூலையிலயும் கோடு விழும், புதுசா போர் போட்ட வண்டிய சூடேறுறதுக்கு முன்ன முறுக்கினாலும் அதேதான். எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் விழுந்திருக்குன்னா அது சூடு, லீன் மிக்ஸர். பிளக்கும் வெள்ளை. பிஸ்டனே பதில் சொல்லுது, நாம ஆயில பத்தி ஏன் பேசிட்டு இருக்கணும்.

மார்த்தாண்டம் 75:
நான் முதல்லயே சொன்னேன்லா, இ20.

பழைய இரும்பு:
110 ஜெட் 24 கார்புக்கு பத்தாது, சேம்பரும் போர்ட்டிங்கும் சேந்தா கண்டிப்பா பத்தாது. 140ல ஆரம்பிச்சு ஒவ்வொண்ணா கீழ இறங்கணும், மேல இருந்து கீழ, கீழ இருந்து மேல இல்ல. கார்ப் மிக்குனி கம்பெனியா கெய்ஹின் கம்பெனியான்னு கூட இவன் சொல்லல. கெய்ஹின் நம்பர் ஓட்டையோட விட்டம், மிக்குனி ஹெக்ஸ் ஜெட் நம்பர் பாயுற அளவு, ரெண்டும் ஒண்ணு கிடையாது. டூப்ளிகேட் கார்ப்னா அதுல அடிச்சிருக்க நம்பர நம்பவே முடியாது. இதெல்லாம் அடிப்படை.

ஒரிஜினல் மட்டும்:
எல்லாரும் ஜெட்ட பத்தி பேசுதீங்க, ஒரு நல்ல ஆர்எக்ஸ் 100 பிளாக்க அறுத்துப் போட்டத பத்தி யாருக்கும் வருத்தம் இல்லையா? 1996ல நிப்பாட்டின வண்டி. 98 சிசில கம்பெனி குடுத்ததே 11 குதிரை சக்தி, அந்தக் காலத்துல அதுவே மத்த 100 சிசி வண்டிகள நிக்க வச்சுட்டு போச்சு. ஒரிஜினல் பிளாக் இப்ப தேடினாலும் கிடைக்க மாட்டேங்குது, ஒரு தடவ போர்ட்ட தேச்சா திரும்ப ஒட்ட முடியாது. சேம்பர் சத்தத்துக்கு பார்வதிபுரத்துல போலீஸ் கை காட்டினா என்ன சொல்லுவீங்க? மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு, ஆர்சி புக்குல கம்பெனி சொன்னதுக்கு மாறா வண்டிய மாத்தக்கூடாது, உச்ச நீதிமன்றமே 2019ல சொல்லியாச்சு.

கீரிப்பாறை ரைடர்:
சட்டம் ரோட்டுக்கு. தம்பி ட்ராக்குக்கு தானே கட்டுதான். அத வேனுல ஏத்திக் கொண்டு போனா முடிஞ்சு.

ஒரிஜினல் மட்டும்:
ட்ராக்குக்கு மட்டும்னா எதுக்கு தோவாளையில ஓட்டிப் பாத்து பின்வீல் லாக் ஆச்சு? ரோட்டுல பின்னால பஸ்ஸு வந்தா என்ன ஆகும், அத யாராவது சொன்னீங்களா? ட்ராக் வண்டி வேணும்னா ஏற்கனவே அடிபட்ட பிளாக் ஒண்ண வாங்கி அதுல போர்ட்டிங் பண்ணணும், ஒரிஜினல துடைச்சு பரண்ல வைக்கணும். இதுதான் என் கருத்து, கோவப்பட்டாலும் பரவாயில்ல.

வடசேரி டூஸ்ட்ரோக்:
ரெண்டாவது பிளாக் வாங்குற யோசனை நல்ல யோசனைதான், நானும் அப்படித்தான் செய்வேன். ஆனா இப்ப தம்பிக்கு பதில் வேணும். தோவாளை, ரெண்டு கேள்வி. ஒண்ணு, எந்த ரோட்டுல எந்தப் பக்கம் போகும்போது பிடிக்குது? ரெண்டு, சூடா இருக்கும்போது முறுக்கிட்டு டக்குனு விட்டா ஆர்பிஎம் உடனே இறங்குதா, இல்ல மேலயே தொங்கிட்டு பைய இறங்குதா?

தோவாளை ஆர்எக்ஸ்:
ஆரல்வாய்மொழி முப்பந்தல் தாண்டி காவல்கிணறு வரை போயிட்டு வருவேன். போகும்போது ஒண்ணும் இல்ல, திரும்பி வரும்போதுதான் பிடிக்குது. ஆமா தொங்குது, ஏர் ஸ்க்ரூ எத்தனை திருப்பினாலும் ஸ்லோ (ஐட்லிங்) நிக்க மாட்டேங்குது. சேம்பர் போட்டா அப்படித்தான் இருக்கும்னு மெக்கானிக் சொன்னாரு.

வடசேரி டூஸ்ட்ரோக்:
சேம்பருக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல தம்பி. ஏர் இழுக்குது.

முதல்ல ரோட்ட பாரு. இப்ப தென்மேற்கு காத்து கணவாய் வழியா மேக்க இருந்து கிழக்க அடிச்சு ஊத்துது, கரண்ட் எடுக்குற காத்தாடி எல்லாம் அதுக்காக தானே அங்கன நட்டு வச்சிருக்கு. நீ காவல்கிணறு போகும்போது காத்து உன்ன தள்ளிட்டு போகுது, அதே ஸ்பீடுக்கு முக்கால் த்ராட்டில் போதும். திரும்பி வரும்போது காத்த கிழிச்சுட்டு வரணும், ஃபுல் த்ராட்டில்ல நிமிஷக் கணக்கா லோடு விழுது, அங்க பிடிக்குது. அப்போ மெயின் ஜெட் பத்தல, அதுல பழைய இரும்பு அண்ணன் சொன்னது சரிதான். ஆனா ஆர்பிஎம் தொங்குறதும் ஸ்லோ நிக்காததும் மெயின் ஜெட் வேலை இல்ல. த்ராட்டில மூடின பெறகும் எங்கயோ இருந்து காத்து உள்ள போகுது.

டூஸ்ட்ரோக்ல க்ராங்க்கேஸ் தான் பம்ப். பிஸ்டன் மேல ஏறும்போது கீழ வெற்றிடம் உண்டாகி ரீட் வால்வு வழியா மிக்ஸர இழுக்கும். எங்கயாவது ஓட்டை இருந்தா அது வழியா வெறும் காத்தும் சேந்து உள்ள போகும். உனக்கு ஆயில் வர்றதே பெட்ரோலோட கலந்து தான், அதனால அந்தக் காத்தோட ஆயிலும் வராது. மேக்னெட்டுக்கு (கரண்ட் உண்டாக்குற சக்கரம்) பின்னால இருக்க இடது பக்க க்ராங்க் சீல்லதான் எனக்கு சந்தேகம். வலது பக்க சீல் போனா கியர் ஆயில குடிச்சு வெள்ளைப் புகை விடும், இடது பக்கம் போனா ஒரு அடையாளமும் வெளிய தெரியாது, லீன் மட்டும் தான் ஆகும். கன்ராடும் பேரிங்கும் புதுசுன்னு சொன்ன, சீல் புதுசுன்னு சொல்லல.

சீல் ஏர் இழுக்குற வண்டியில நீ எந்த ஜெட் போட்டாலும் அது அன்னைக்கு மட்டும் தான் சரியா இருக்கும். அதனால ஜெட்ட தொடாத, முதல்ல பிரஷர் டெஸ்ட் பண்ணு, என்ஜின அடைச்சு காத்து ஏத்தி எங்க கசியுதுன்னு பாக்குறது.

பழைய இரும்பு:
பிரஷர் டெஸ்ட் கிட்டு நாரோயில்ல எவன்கிட்ட இருக்கு? சும்மா படிச்சத எல்லாம் எழுதக்கூடாது. ஜெட்ட மாத்தட்டும், அப்பவும் தொங்கினா பிரிக்கட்டும்.

கீரிப்பாறை ரைடர்:
கிட்டு வேண்டாம் அண்ணே, பிபி பாக்குற மிஷின் போதும், கடிகாரம் மாதிரி முள்ளு இருக்கும்லா அந்தது. என் வீட்டம்மா நர்ஸு, அவகிட்ட பழசு ஒண்ணு கெடந்துச்சு, நான் அத வச்சுதான் என் வண்டிய டெஸ்ட் பண்ணினேன். அதுல 300ங்கிறது 5.8 பிஎஸ்ஐ, நமக்கு வேண்டியது 6 பக்கம், கச்சிதமா வரும்.

கார்ப கழட்டி அந்த ரப்பர் வாய்க்குள்ள ஒரு ரப்பர் கட்டைய சொருகி கிளாம்ப் போட்டு இறுக்கு. எக்ஸாஸ்ட் வாயில சைக்கிள் ட்யூப் வெட்டி வச்சு மேல ஒரு தகடு வச்சு போல்ட் போட்டு அடை. பழைய பிளக் ஒண்ண லேத்துல குடுத்து நடுவுல இருக்கத எடுத்துட்டு ஒரு பித்தளை நிப்பிள் வச்சு வாங்கிரு, அதுல பிபி மிஷின் ட்யூப மாட்டு. பிஸ்டன கீழ கொண்டு வை, அப்பதான் ட்ரான்ஸ்ஃபர் போர்ட் திறந்து காத்து க்ராங்க்கேஸுக்கும் போகும். பைய 300க்கு ஏத்தி வால்வ மூடு. நிமிஷத்துக்கு 50க்கு மேல முள்ளு இறங்கினா லீக். மேக்னெட்ட கழட்டி சோப்பு வெள்ளத்த தடவு, எங்க நுரை வருதுன்னு பாரு. பேஸ் கேஸ்கெட், ரீட் பக்கம், பம்ப அடைச்ச இடம் எல்லாத்துலயும் தடவணும். வலது சீலுக்கு கியர்பாக்ஸ் பிரீதர் குழாய வெள்ளத்துல முக்கிப் பாரு, குமிழி வந்தா அந்த சீல். 300க்கு மேல ஏத்தாத, நல்ல சீலும் பிதுங்கிரும்.

எண்ணெய்ப்புகை:
இவ்வளவு மெனக்கெடுறதுக்கு லிட்டருக்கு இன்னும் 25 மில்லி ஊத்தி பாத்திருக்கலாம்.

வடசேரி டூஸ்ட்ரோக்:
கீரிப்பாறை சொன்னது அப்படியே சரி. ஒண்ணு மட்டும் சேத்துக்குதேன், சில சீல் வெளிப்பக்கம் தள்ளும்போது தாங்கும், உள்பக்கம் இழுக்கும்போது விட்டுரும். டெஸ்ட்ல பாஸ் ஆனாலும் சீல் பழசுன்னா மாத்திரு, விலை ஒண்ணும் பெருசு இல்ல. உதட்டுல கிரீஸ் தொட்டு போடு, காஞ்சு போட்டா முதல் ஸ்டார்ட்லயே கருகும். பெறவு 140 ஜெட், பிளக் ஒரு ரேஞ்ச் குளிர்ந்தது (சூட்ட சீக்கிரம் வெளிய விடுறது), என்ஜிகே பிளக்குல நம்பர் கூடினா குளிர்ந்தது. ஃபுல் த்ராட்டில்ல காத்துக்கு எதிரா ஓட்டி கிளட்ச் பிடிச்சு அப்படியே என்ஜின ஆஃப் பண்ணி பிளக்க எடுத்துப் பாரு. அத கூட ஹைவேல பண்ணாத, ஒரிஜினல் அண்ணன் சொன்ன பஸ்ஸு விஷயம் உண்மை. இப்ப இருக்க பிஸ்டன பேப்பர் போட்டு தேச்சு திரும்ப போடலாம்னு நினைக்காத. பிளாக்குல அலுமினியம் ஒட்டியிருந்தா அளந்து பாத்துட்டு தேவைப்பட்டா அடுத்த சைஸுக்கு போ, கேப் ரெண்டு தவ்னு வாயால சொன்னத நம்பாம மைக்ரோமீட்டரும் போர் கேஜும் வச்சு கண்ணு முன்ன அளக்கச் சொல்லு.

மார்த்தாண்டம் 75:
தோவாளை என்ன ஆச்சு? ஆளயே காணோம்.

ஒரிஜினல் மட்டும்:
கரிக்கு அப்படியே கொண்டு போயிருப்பானோ? 2.1 கிலோமீட்டர் ட்ராக்கு, அங்க போய் வளைவுல பிடிச்சா ஆளு கீழ.

தோவாளை ஆர்எக்ஸ்:
வேலை இருந்துச்சு. பிபி மிஷின் வச்சு பாத்தேன், 300ல நிக்கவே இல்ல. இடது சீல்ல நுரை, பம்ப் அடைச்ச தகட்டுலயும் கொஞ்சம். ரெண்டு சீலும் மாத்தியாச்சு, ஸ்லோ இப்ப நிக்குது, ரிவ் தொங்கல. 0.75 பிஸ்டன், ஜெட் 135ல நிக்குது, பிளக் காப்பி நிறம். ரொம்ப நன்றி. கரிக்கு வேனுல தான் கொண்டு போறேன்.

பழைய இரும்பு:
135. நான் 140ல இருந்து இறங்கச் சொன்னேன்.

குழித்துறை யெஸ்டி:
அண்ணே இந்த பிளக் நிப்பிள் யெஸ்டிக்கு பண்ணினா அதே மாதிரி தான் டெஸ்ட் பண்ணணுமா? எனக்க ரோட்கிங்ல சூடானா ஸ்லோ ஏறுது.

கீரிப்பாறை ரைடர்:
அதே மாதிரி தான், ஆனா அதுல எக்ஸாஸ்ட் ரெண்டு, ரெண்டையும் அடைக்கணும். கிளட்ச் இடது பக்கம், அதனால கியர் ஆயில் குடிக்குற சீல் உனக்கு இடது, வெறும் காத்து இழுக்குற சீல் வலது. தனியா ஒரு கேள்வியா போடு, ஜெட் நம்பர், ஆயில் அளவு, பிளக் நிறம் எல்லாம் சேத்து எழுது.